வேலியும் கண்ணாடியும்: யாழ்ப்பாணத்துப் புதிய வீட்டு முகப்புகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு சிறுகதை வெளிவந்தால் அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பற்றி நாம் விவாதிக்கின்றோம். ஒரு நாடகம் மேடையேறினால் அது யாருடைய வாழ்க்கையை, யாருடைய கண்கொண்டு காட்டுகின்றது எனக் கேட்கின்றோம். ஆனால் கதையைப் படிக்காதவரும் நாடகத்தைப் பாராதவரும் நாள்தோறும் கண்டே தீரவேண்டிய ஆக்கம் ஒன்று உண்டு. அது தெருவோரத்தில் எழும் வீடு. கட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் ஊரார் அனைவரும். பிடிக்காத நூலை மூடிவைத்துவிடலாம். பிடிக்காத வீட்டை அவ்வாறு மூடிவைத்தல் இயலாது. இருந்தும் எமது விமர்சன மரபில் வீடு பற்றிய பேச்சு மிக அருகியே காணப்படுகின்றது. வீடு கட்டுதல் அவரவர் சொந்தக் காரியம், அதில் விமர்சிப்பதற்கு என்ன இருக்கின்றது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

2009 இல் போர் முடிவுற்றதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கட்டப்பட்டுவரும் மாடிவீடுகளிடையே ஒரு குறிப்பிட்ட முகப்பு மரபு உருவாகியுள்ளது. பலாலி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ மானிப்பாய் வீதியிலோ செல்வோர் அதனை எளிதில் இனங்காண்பர். ஓடு வேய்ந்த சாய்கூரைக்குப் பதிலாகத் தட்டையான கொங்கிறீற்றுத் தளம். பெட்டி போன்ற வடிவம். வெள்ளையும் சாம்பலும் கலந்த பூச்சு. கீழிருந்து மேல்வரை தொடர்ந்து செல்லும் நீல அல்லது கரும்பச்சைக் கண்ணாடிப் பரப்பு. அதன் பின்னே மாடிப்படி. மேல்மாடத்தில் இரும்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடித் தடுப்பு. இத்தகைய வீடுகள் தொகையிற் சிறுபான்மையே. ஆயினும் புதிதாக வீடு கட்ட எண்ணுவோரின் மனத்தில் மாதிரியாக நிற்பவை இவையே ஆதலின், இவற்றைத் தனியே எடுத்து நோக்குதல் பொருத்தமானது.

இம்முகப்பைக் குறித்து இருவகைப் பேச்சுகள் எம்மிடையே வழங்குகின்றன. வெளிநாட்டுக் காசின் பகட்டு என்று எள்ளுவது ஒன்று. காலத்துக்கேற்ற முன்னேற்றம் என்று வியப்பது மற்றையது. இரண்டும் வீட்டைப் பாராது வீட்டுக்காரரைப் பார்க்கும் பேச்சுகள். விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கண்ணாடி என்ற கட்டடப்பொருள் தன்னளவில் சில வாக்குறுதிகளைத் தருகின்றது: வெளிச்சம், திறந்த தன்மை, உள்ளுக்கும் வெளிக்கும் இடையே உறவு. அவ்வாக்குறுதிகள் இங்கு நிறைவேறுகின்றனவா? இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். யாழ்ப்பாணத்துப் புதிய முகப்பிலே கண்ணாடி பழைய வேலியின் வேலையையே வேறுருவிற் செய்கின்றது. அவ்வேலிக்கு இருந்த நெகிழ்ச்சியோ அதற்கு இல்லை.

கண்ணாடி வந்த வழி

கட்டடக் கலையிற் கண்ணாடி பெரும்பொருளான வரலாறு எமக்கு ஒரு வேடிக்கையான செய்தியைத் தருகின்றது. 1851 இல் இலண்டன் ஹைட் பூங்காவில் பெருங்கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்ரன் அடிப்படையில் ஒரு தோட்டக் கலைஞர். சாற்ஸ்வேர்த் மாளிகைத் தோட்டத்திலே வெப்பநாட்டுச் செடிகளை ஆங்கிலக் குளிரினின்றும் காப்பதற்குக் கண்ணாடிக் கூடங்கள் கட்டிப் பெற்ற அனுபவமே அவருக்குக் கைகொடுத்தது. எமது போன்ற நாடுகளின் செடிகளுக்கு எமது நாட்டு வெப்பத்தைக் குளிர்நாட்டிற் செயற்கையாக உண்டாக்கிக் கொடுத்த கருவியே கண்ணாடி வீட்டின் மூதாதை. அக்கருவி ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்து வெப்பநாட்டுக்கே திரும்பிவந்து, செடிகளுக்குப் பதிலாக மனிதரைத் தன்னுள் வைத்திருக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் கண்ணாடி ஓர் இலட்சியமாயிற்று. ஜேர்மன் எழுத்தாளர் போல் ஷேர்பார்ட் 1914 இல் வெளியிட்ட நூலில், கண்ணாடிக் கட்டடம் மனிதரின் பண்பாட்டையே மாற்றும் எனக் கனவு கண்டார். தடித்த சுவர்கள் பழைய சமூகத்தின் இரகசியங்களையும் அந்தஸ்துகளையும் காப்பவை. ஊடுருவித் தெரியும் சுவர் ஒளிவுமறைவற்ற வாழ்வைத் தரும் என்ற நம்பிக்கை அக்காலத்துக் கலைஞர் பலரிடம் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் பிலிப் ஜோன்சன் தமக்கெனக் கட்டிய கண்ணாடி வீடும் (1949), மீஸ் வான் டெர் றோ, எடித் பாண்ஸ்வேர்த் என்ற மருத்துவருக்காகக் கட்டிய வீடும் (1951) இந்நம்பிக்கையின் உச்சங்களாகக் கொள்ளப்படுபவை. ஆயினும் முன்னதிற் கட்டியவரே குடியிருந்தார். பின்னதிற் குடியிருந்தவர் வேறொருவர். அவர் வெப்பத்தைப் பற்றியும் எந்நேரமும் பிறர் பார்வையில் இருக்கும் அவதியைப் பற்றியும் வெளிப்படையாகவே முறையிட்டார். வீட்டைப் பார்ப்பவரின் அழகுணர்ச்சியும் அதனுள் வாழ்பவரின் அனுபவமும் வெவ்வேறானவை என்பதற்கு அவ்வீடு ஒரு நிலையான சான்றாகும்.

1959 இல் பிரித்தானியாவின் பில்கிங்ரன் நிறுவனம், உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை அறிவித்தது. அதன்பின் பெரிய, குறையற்ற கண்ணாடித் தகடுகள் மலிவாகக் கிடைத்தன. இலட்சியமாக இருந்தது சந்தைச் சரக்காயிற்று. வங்கிக்கும் அலுவலகத்துக்கும் உரியதாயிருந்த முகப்பு வீட்டுக்கும் வந்தது.

வேலியின் இலக்கணம்

இனி எமது பக்கத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்து மரபுவழி வீடு தெருவிலிருந்து நேரே தொடங்குவதில்லை. ஒழுங்கை, படலை, முற்றம், திண்ணை அல்லது விறாந்தை, தலைவாசல், உள்வீடு, அடுக்களை, கோடிப்புறம், கிணற்றடி எனப் பல படிகளாக அது விரிகின்றது. வசதியுள்ளோரின் நாற்சார் வீட்டில் இவற்றுக்கு நடுவே வானத்தை நோக்கித் திறந்த உள்முற்றமும் இருந்தது. சில வீடுகளின் வாயிலிற் சங்கடப்படலை இருந்தது. கூரையிட்ட அப்படலையின் கீழ் வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கி அமரலாம். தெருவுக்கும் வீட்டுக்கும் இடையில், இரண்டுக்கும் உரியதாக ஓர் இடத்தை ஒதுக்கிய ஏற்பாடு அது.

இவை அனைத்தையும் சூழ்ந்திருந்தது வேலி. பூவரசு, கிளுவை முதலியவற்றின் கதியால்களை நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைக்கப்பட்டது அவ்வேலி. கதியால் தளிர்த்து மரமானது; அதன் குழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையானது; இலை ஆட்டுக்குத் தீனியானது. ஓலை இற்றுப்போகையில் வேலியை மீண்டும் அடைக்கவேண்டியிருந்தது. எனவே வேலி ஒருமுறை கட்டி முடிந்துபோன பொருளன்று. அயலவரோடு தொடர்ந்து நிகழும் ஒரு பேச்சுவார்த்தை. அப்பேச்சுவார்த்தை சிலவேளைகளிற் சண்டையாகி, ஒரு கதியால் எல்லையை மீறியதற்காக நீதிமன்றப்படி ஏறியதும் உண்டு. ஆயினும் அதே வேலியிற் பொட்டும் இருந்தது. அடுத்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வதும், பிள்ளைகள் புகுந்து செல்வதும், உப்பும் சீனியும் கைமாறுவதும் அப்பொட்டின் வழியாகவே. தெருவுக்கு மூடியும் அயலுக்குத் திறந்தும் இருப்பதே வேலியின் இலக்கணம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பழைய வீட்டைக் குறித்து ஏக்கத்தோடு எழுதுவது இன்று எளிதான காரியம். அவ்வீட்டின் படிகள் ஒவ்வொன்றும் மனிதரைத் தரம்பிரிக்கும் படிகளாகவும் இருந்தன என்பதை அவ்வேக்கம் மறந்துவிடுகின்றது. யார் படலையோடு நிற்கவேண்டியவர், யார் முற்றத்தில் இருக்கவேண்டியவர், யார் திண்ணையில் ஏறலாம், யார் உள்ளே உண்ணலாம் என்பவற்றைச் சாதி தீர்மானித்தது. 1972 இல் வெளிவந்த டானியலின் ‘பஞ்சமர்’ நாவலைப் படித்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலியின் உயரத்தைத் தீர்மானித்ததிற் பெண்களைப் பிறர் பார்வையினின்றும் மறைக்கும் நோக்கத்துக்கும் பங்குண்டு. வீட்டினுள்ளும் எல்லாருக்கும் தனிமை கிடைத்துவிடவில்லை. எஸ்.பொ.வின் ‘சடங்கு’ (1966), கொழும்பிலிருந்து விடுமுறையில் வந்த கணவன் தன் வீட்டிலேயே மனைவியோடு தனித்திருக்க வழியின்றித் தவிப்பதைப் பொருளாகக் கொண்ட நாவல் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஆகவே வேலியை உடைத்து வெளிச்சத்தை உள்ளே விடும் கட்டடக்கலை ஒன்று வருமாயின், அதனை வரவேற்பதற்கு எமக்குப் போதிய நியாயங்கள் உண்டு.

வெளியிலிருந்து வந்த பணம் முகப்பை மாற்றுதலும் இங்கு புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் சென்றோரின் உழைப்பும் ஓய்வூதியமும் பல கிராமங்களிற் கல்வீடுகளாக எழுந்தன. தூண்களும் சுண்ணச் சிற்பவேலைகளும் கட்டிய ஆண்டைப் பொறித்த முகப்பும் அவற்றின் அடையாளங்கள். இன்று நாம் மரபு என்று போற்றும் வீடுகளுட் சில, அக்காலத்தில் வெளிநாட்டுக் காசின் பகட்டு என்று பேசப்பட்டிருக்கவும் கூடும். எனவே புதிது, பிறநாட்டுப் பணத்தால் வந்தது என்பவை ஒரு முகப்பை நிராகரிக்கப் போதிய காரணங்களாகா.

போருக்குப் பிந்திய ஆசை

யாழ்ப்பாணத்தவர் கண்ணாடியை விரும்புவதற்கு வேறெங்கும் இல்லாத ஒரு காரணம் உண்டு. 1990 இல் மீண்டும் மூண்ட போரோடு குடாநாட்டின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சீமெந்தும் மண்ணெண்ணெயும் தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாயின. முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழியே வீட்டின் பாதுகாப்பான அறையாயிற்று. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். உயர்பாதுகாப்பு வலயங்களினின்றும் பிற்காலத்தில் விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்களிற் பலர் கண்டது, கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களையே. செல்லும் குண்டும் விழும் ஊரில் முதலில் உடைவது கண்ணாடி. உடைந்த இடத்தைப் பலகையாலோ தகரத்தாலோ மூடுவதே வழக்கமாயிருந்த ஒரு தலைமுறை, தன் வீட்டின் முகத்தையே கண்ணாடியால் ஆக்க விரும்பினால், ‘இனி இது உடையாது’ என்று அது நம்ப விரும்புகின்றது என்பதே பொருள். 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 வீதி போரின் பின் திறக்கப்பட்டதும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்ததும் போன்று, கண்ணாடி முகப்பும் சமாதானத்தின் ஓர் அடையாளமாகவே பலருக்குத் தோன்றியது. இதனைப் பகட்டு என்று மாத்திரம் கூறி ஒதுக்குதல் நேர்மையான விமர்சனமாகாது.

புலம்பெயர்ந்தவரின் நிலையும் இவ்வாறே நோக்கப்படவேண்டும். 1983 இன் பின் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றவர் ஊரில் கட்டும் வீடு, ஊருக்கு அவர் எழுதும் கடிதம் போன்றது. தாம் தோற்றுவிடவில்லை, ஊரை மறந்துவிடவில்லை என்ற செய்தியை அது தாங்கிவருகின்றது. ஆனால் கடிதத்தை எழுதியவர் அங்கிருக்க, அதனுள் வாழ்பவர் வேறொருவராகின்றார். பல வீடுகளில் அவ்வாறு வாழ்பவர்கள் முதிய பெற்றோர். சில வீடுகளிற் காவலுக்கு இருக்கும் ஓர் உறவினர். கோடை விடுமுறையிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் சில வாரங்கள் நிறைந்து, எஞ்சிய மாதங்களிற் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கும் மேல்மாடிகள் இம்முகப்புகளின் பின்னால் உண்டு. பாண்ஸ்வேர்த் வீட்டில் எழுந்த கேள்வி இங்கும் எழுகின்றது: முகப்பைத் தீர்மானிப்பவர் யார், அதன் பின்னால் நாள்களைக் கழிப்பவர் யார்?

பகலில் ஆடி, இரவில் அரங்கு

தமிழில் ‘கண்ணாடி’ என்ற சொல் முகம் பார்க்கும் ஆடியையும் குறிக்கும். ஊடே பார்க்கும் பளிங்குத் தகட்டையும் குறிக்கும். எமது புதிய முகப்புகளை விளங்கிக்கொள்ள இவ்விருபொருளும் வேண்டப்படுகின்றன. இங்கு பெரிதும் பயன்படுத்தப்படுவது நிறமூட்டப்பட்ட அல்லது ஒளி தெறிக்கும் பூச்சுக்கொண்ட கண்ணாடியாகும். இருபுறங்களுள் எப்புறத்தில் வெளிச்சம் மிகுதியோ அப்புறத்தில் நிற்பவர்க்கு அது ஆடியாகின்றது. பகலில் தெருவிலே வெளிச்சம் மிகுதி. எனவே தெருவிற் செல்பவர் அதிற் காண்பது தம்முடைய உருவத்தையும் எதிர்வீட்டு மதிலையும்தான். உள்ளிருப்பவரோ வெளியே செல்வோரைத் தெளிவாகக் காண்கின்றார். தான் தெரியாமற் பிறரைப் பார்க்கும் இவ்வசதியைக் கிடுகுவேலியின் நீக்கலும் ஒருகாலத்திற் கொடுத்தது. அவ்வகையிற் கண்ணாடி வேலியின் நேரடி வாரிசாகும்.

இரவில் நிலைமை தலைகீழாகின்றது. உள்ளே விளக்கேற்றியதும் முகப்பு ஊடுருவித் தெரியத் தொடங்குகின்றது. ஏறியிறங்கும் மனிதரைத் தெருவுக்குக் காட்டும் அரங்காக மாடிப்படி மாறுகின்றது. எனவே மாலையானதும் திரைச்சீலை இழுக்கப்படுகின்றது. வெப்பத்துக்கு அஞ்சிப் பகலிலும் பல வீடுகளில் அது இழுக்கப்பட்டே இருக்கின்றது. கண்ணாடிக்கு முன்னால் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மதில். மதிலில் உள்ளே தெரியாதபடி தகடடித்த இரும்புக் கேற். அதன் மேற் கண்காணிப்புக் கமரா. ஊடுருவித் தெரிவதற்கென்றே உண்டாக்கப்பட்ட பொருளை வாங்கிப் பொருத்தி, அது ஊடுருவித் தெரியாதிருப்பதற்காக மேலும் மூன்று மறைப்புகளைச் செய்கின்றோம். ஷேர்பார்ட் கனவுகண்ட ஒளிவுமறைவற்ற வாழ்வு இங்கு வரவில்லை. பழைய மறைவு நீங்காமலே அதன் மேற் கண்ணாடி பூசப்பட்டுள்ளது.

இதனால் இழக்கப்படுவது இடைநிலை வெளி. பழைய வீட்டின் படிகள் சாதிப் படிகளாகவும் இருந்தன என்பதை முன்னர் கண்டோம். அப்படிகளைச் சமத்துவத்துக்காக அகற்றியிருந்தால் மகிழலாம். ஆனால் அகற்றப்பட்டவை திண்ணையும் விறாந்தையும் சங்கடப்படலையும் பொட்டுமே. உள்ளே யாரை அழைப்பது என்ற தீர்ப்பு அகற்றப்படவில்லை. முன்பு முற்றத்தோடு நிறுத்தப்பட்டவர் இன்று கேற்றோடு, அழைப்பு மணியின் முன் நிற்கின்றார். மணியடித்தவரைக் கமரா பார்க்கின்றது. அவரோ தம் உருவத்தையே கண்ணாடியிற் காண்கின்றார். அயல்வீட்டுப் பெண் பேசுவதற்குப் பொட்டும் இல்லை. மதிலில் அதனை யாரும் விடுவதில்லை. விறாந்தையின் சாய்மனைக் கதிரையிலிருந்து தெருவிற் போவோரோடு இரண்டு வார்த்தை பேசிய முதியவர், இன்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர்களைப் பார்க்க மாத்திரமே முடிகின்றது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அயலாரே துணையாக வாழும் முதியோருக்கு இது சிறிய இழப்பன்று.

வெயிலின் தீர்ப்பு

சமூகக் காரணங்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். வெயிலைப் பற்றி இருத்தல் அரிது. குடாநாடு ஏறத்தாழ 9° 40' வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் ஞாயிறு நண்பகலில் நேர் உச்சியில் நிற்கின்றது. டிசெம்பரிலே தெற்கே சாய்ந்தபோதும் நண்பகலில் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கின்றது. யூனில் வடக்கே சாய்ந்து 76 பாகையில் நிற்கின்றது. ஆகவே தெற்குச் சுவரிலுள்ள யன்னலுக்கு மூன்றடி நீண்ட தாழ்வாரம் இருந்தால், டிசெம்பர் நண்பகலிலும் நாலரை அடிக்கு மேல் நிழல் கிடைக்கும். வடக்குச் சுவருக்கு யூனிற் பன்னிரண்டடி நிழல் விழும். ஆனால் மாலை நான்கு மணியளவில் மேற்கே ஞாயிறு ஏறத்தாழ 30 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும் காலங்களில், அதே மூன்றடித் தாழ்வாரம் மேற்குச் சுவருக்குத் தரும் நிழல் ஒன்றே முக்கால் அடிதான். கிழக்குச் சுவருக்குக் காலையில் நிகழ்வதும் இதுவே. இத்தனைக்கும் புதிய முகப்புகளிற் பலவற்றில் தாழ்வாரமே இல்லை. அது பெட்டிவடிவத்தின் கோட்டைக் குலைத்துவிடும். எங்கே கண்ணாடி வைப்பது என்பதைத் தெரு இருக்கும் திசை தீர்மானிக்கின்றதேயன்றி, ஞாயிறு செல்லும் திசை தீர்மானிப்பதில்லை. தெரு மேற்கே இருந்தால் முழுக் கண்ணாடியும் மேற்கு நோக்கியே நிற்கின்றது.

பூச்சற்ற மெல்லிய கண்ணாடி, தன்மேல் விழும் வெயிலின் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே செல்லவிடும். உள்ளே சுடேறிய சுவரும் தளபாடமும் வெளிவிடும் நெட்டலைக் கதிர்களை அது வெளியே செல்லவிடாது. பச்சைவீட்டு விளைவு என நாம் பாடநூலிற் படித்தது இதுவே. நிறமூட்டிய கண்ணாடி உட்புகும் வெப்பத்தைக் குறைக்கும். ஆயின் அதுவே சூடேறி அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை உள்ளே வீசும். தெறிக்கும் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். அனுப்புவது எதிரேயுள்ள தெருவுக்கும் அயல்வீட்டுக்குமாகும். இவற்றோடு, முகப்புக் கண்ணாடியின் பெரும்பகுதி திறவாத கண்ணாடி. சோளகமும் வாடையும் மாறிமாறி வீசும் ஒரு நிலப்பரப்பில், காற்றுக்கு முகத்தை மூடிக்கொண்டு, உள்ளே வளிச்சீராக்கியைப் பொருத்துகின்றோம்.

வளிச்சீராக்கி இயங்கும்வரை இக்குறை தெரிவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டது. சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய தடித்த சுவரும் உயர்ந்த ஓட்டுக்கூரையும் விறாந்தையும் உள்ள வீட்டில் மின்வெட்டு ஒரு தொல்லை; திறவாத கண்ணாடி முகப்புள்ள வீட்டிலோ அது குடியிருப்பவரை வெளியேற்றும் நிகழ்வு. வீட்டின் பாதுகாப்பு மின்கம்பியில் தொங்குமாயின், அதனை முன்னேற்றம் என்று கூறுதல் எங்ஙனம்?

கண்ணாடி ஓடு சொல்லும் பாடம்

இதனால் கண்ணாடியே கூடாது என்ற முடிவுக்கு வரவேண்டியதில்லை. எமது பழைய ஓட்டுவீடுகளிலேயே கண்ணாடி இருந்தது. அடுக்களையிலோ இருண்ட உள்ளறையிலோ கூரையில் ஓரிரண்டு மண்ணோடுகளை எடுத்துவிட்டு அவற்றினிடத்தில் கண்ணாடி ஓடு வைத்தனர். சிறிதளவு கண்ணாடி, ஆனால் வெளிச்சம் எவ்விடத்தில் தேவையோ அவ்விடத்தில் அது விழுந்தது. தெருவில் நிற்பவர் அதனைப் பார்ப்பதில்லை. அதன் பயன் முழுவதும் உள்ளே வேலைசெய்பவர்க்கு, பெரும்பாலும் அடுக்களைப் பெண்ணுக்கு. வீட்டுக் கண்ணாடியின் அழகியல் என ஒன்றை நாம் உருவாக்குவதாயின், முகப்பை விட்டு இக்கண்ணாடி ஓட்டிலிருந்தே தொடங்கலாம்.

நவீனத்தையும் இடத்தையும் இணைத்துப் பார்த்த முன்னோடிகளும் இந்நாட்டில் உள்ளனர். 1940களின் பிற்பகுதியிலிருந்தே நவீன கட்டடக் கலையைப் பிரதேச மரபோடு இணைக்க முயன்றவர் மினெற் டி சில்வா. ஜெப்ரி பாவா 1960–62 காலத்தில் கொழும்பிலே ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு, நகரத்துச் சிறிய காணியில், தெருப்பக்கத்தை அடக்கமாக வைத்து, வாழ்வறைகள் அனைத்தையும் உள்முற்றத்தைச் சுற்றித் திறந்துவிட்டது. அது பழைய வீட்டின் நகல் என்று யாரும் கூறுவதில்லை. நவீன வீடு என்றே கொள்ளப்படுகின்றது. எமது நாற்சார் வீட்டுக்கும் அதற்கும் உள்ள உறவு வெளிப்படை. அவ்வழியைப் பின்பற்றி, தெருவை நோக்கிய கண்ணாடியை உள்முற்றத்தை நோக்கித் திருப்பினால், அது திரைச்சீலையின்றியே தன் வாக்குறுதியை நிறைவேற்றலாம். தெற்கிலும் வடக்கிலும் நீண்ட தாழ்வாரத்தின் கீழ் திறக்கும் யன்னலாக அமைந்தால் வெளிச்சமும் காற்றும் சேர்ந்தே வரும். மேற்குச் சுவர் சுவராகவே இருக்கட்டும். அல்லது அதன் முன் ஒரு பூவரசு நிற்கட்டும்.

வடமராட்சியின் வல்லிபுரம், அம்பன் பகுதிகளில் உள்ள வெண்மணல், கண்ணாடி செய்வதற்கேற்ற சிலிக்கா மணல் என்பது பலரும் அறிந்தது. மூலப்பொருள் எமது மண்ணில் இருக்க, முகப்புக் கண்ணாடித் தகடோ கப்பலில் வருகின்றது. பொருளை இறக்குமதி செய்வது இக்காலத்தில் தவிர்க்கமுடியாததாயிருக்கலாம். அதனை எங்கே, எதற்காக வைப்பது என்ற தீர்மானத்தையும் சேர்த்து இறக்குமதி செய்யவேண்டிய கட்டாயம் இல்லை.

இத்தீர்மானத்தை எடுக்கும் ஆற்றல் எமது சமூகத்துக்கு உண்டு என்பதற்குச் சான்றும் உண்டு. 2015–2016 காலத்தில் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டபோது, அவை எமது வெப்பத்துக்குப் பொருந்தா, உள்ளூர்க் கைவினைஞருக்கு வேலை தரா, குடும்பங்கள் விரும்பியவாறு விரித்துக் கட்ட இடந்தரா என்ற எதிர்ப்புகள் எழுந்தன. பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் பொதுமக்களும் கேட்ட கேள்விகள் அவை. முன்வைத்தவாறு அத்திட்டம் நடைபெறவில்லை. வறியவருக்கு அரசு கட்டித்தர முனைந்த வீட்டை நாம் அவ்வளவு கூர்மையாக விமர்சித்தோம். வசதியுள்ளவர் தாமே கட்டும் வீட்டிடம் அதே கேள்விகளை இன்னும் கேட்கவில்லை. இந்திய அரசின் உதவித்திட்டத்தின் கீழ் ஐந்தரை இலட்சம் ரூபாவைப் பெற்றுத் தாமே நின்று கட்டிய குடும்பங்களின் சிறிய வீடுகளிற் சிலவற்றின் முன்புறத்திலும், பின்னர் கடன்பட்டுப் பொருத்திய நிறக்கண்ணாடியைக் காணமுடிகின்றது. மாதிரி மேலிருந்து கீழே இறங்கும் விதம் இதுதான். வசதியுள்ளவர் வளிச்சீராக்கியால் மறைத்துக்கொள்ளும் குறையை, அது இல்லாதவர் உடலால் அனுபவிக்கின்றார்.

ஆகவே வீட்டு முகப்பு பற்றிய விமர்சனம் இரசனை பற்றிய வீண்பேச்சன்று. கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் கணக்குகளைத் தருவர். அம்முகப்பு யாரை நோக்கிப் பேசுகின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது, யாரை உள்ளே தனியே விடுகின்றது என்ற கேள்விகளைக் கேட்பது கலைப்பீடத்தாராகிய எமது பொறுப்பு. ஒரு தலைமுறை இருளிலும் பதுங்குகுழியிலும் கழித்தபின் வெளிச்சத்தை விரும்பியது. அவ்விருப்பம் முற்றிலும் நியாயமானது. அது கேட்ட வெளிச்சம் இன்னும் திரைச்சீலைக்கு வெளியிலேயே நிற்கின்றது. அடுத்து வீடு கட்டுவோர் முகப்பின் படத்தைத் தெரிவுசெய்வதற்கு முன்னர், அவ்வீட்டில் ஆண்டு முழுவதும் இருக்கப்போகின்றவரை ஒருமுறை மேற்கு வெயிலில் அக்காணியில் நிற்கவைத்து, எங்கே யன்னல் வேண்டும் என்று அவரையே கேட்பாராயின், மாற்றம் அங்கிருந்து தொடங்கலாம்.